ஏழு ஜாடி போசோ

என் வீட்டுக்காரர் ஷர்ஷெனைக் கேட்டால், குளியல் வீட்டை நான் பிடுங்கிக்கொண்டதாகச் சொல்வார். ஊரும் அவர் பக்கம்தான் பேசும். ஒரு மனுஷன் பிஷ்கெக் வரைக்கும் லாரி ஓட்டிவிட்டு அலுத்துப்போய் வருகிறான், உடம்புக்கு வெந்நீர் ஊற்றிக்கொள்ளக்கூட இடமில்லை, இவள் அங்கே கொப்பரையை ஏற்றிப் பனிவரகில் போசோக் கள் காய்ச்சுகிறாள் என்று. சொல்லட்டும். ஆனால் இந்தக் கூத்தை ஆரம்பித்தது நான் இல்லை, அவர்களுடைய ஜோரோ.

பீன்ஸ் அறுவடை முடிந்து மூட்டைகள் லாரி ஏறிவிட்டால் எங்கள் ஆண்களுக்குக் கை காலை எங்கே வைப்பதென்று தெரியாது. பனி விழ ஆரம்பித்ததும் ஜோரோ கூடிவிடும். எங்கள் தெருவில் ஏழு குடும்பம். வாரத்துக்கு ஒரு வீடு, அந்த வீட்டுப் போசோ, ஆட்டுக்கறி, பாட்டு, வம்பு. இதற்கு ஒரு தலைவர், ஊற்றிக் கொடுக்க ஓர் ஆள், சட்டம், அபராதம் எல்லாம் உண்டு. குவளையைக் காலி செய்யாமல் கீழே வைத்தால் அபராதம், அனுமதி கேட்காமல் பேசினால் அபராதம். தலைவர் என் வீட்டுக்காரரின் அண்ணன் அஷிம்பெக். வருஷம் முழுக்க அவர் பேச்சை அவர் வீட்டு நாய்கூடக் கேட்காது. குளிர்காலத்தில் மட்டும் வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நாட்டாமை செய்வார்.

போன குளிர்காலம் எங்கள் முறை வந்தபோது நான் சந்தையில் போசோ வாங்கி ஊற்றினேன். எல்லா வீடும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தது, அதுவும் அதே கடைக்காரியிடம். அந்த வாரம் அவள் அவசரத்துக்கு ஈஸ்ட்டும் சர்க்கரையும் போட்டுப் பொங்க வைத்திருக்கிறாள். மறுநாள் தெருவே தலையில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டது. உடனே விசாரணை. ஷர்ஷெனின் முதுகில் குதிரைச் சேணத்தைக் கட்டி, முற்றத்தை நாலு காலில் சுற்ற வைத்தார்கள். எங்கள் தெரு ஓர்மோன் சேணத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு "ஹை ஹை" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. வாங்கி ஊற்றியது ஏழு வீடும், சேணம் மட்டும் எங்கள் முதுகுக்கு!

அன்றைக்கே அஷிம்பெக் புதுச் சட்டம் போட்டார். "அடுத்த குளிர்காலத்துலேர்ந்து அவங்கவங்க வீட்டுப் போசோவை அவங்கவங்க வீட்டுலதான் காய்ச்சணும். வெளியிலேர்ந்து வாங்கினது தெரிஞ்சா ஒரு ஆடு அபராதம்."

காய்ச்சுவது தலைவரா? ஆண்களில் யாராவது ஒருத்தர் கரண்டியைத் தொடப்போகிறாரா? சட்டம் போடுவது அவர்கள், அடுப்படியில் வெந்துபோவது நாங்கள்.

சரி, சேணம் இன்னொரு முறை ஏறக்கூடாது என்று நான் கற்றுக்கொள்ளக் கிளம்பினேன். சொல்லித்தர ஆள் இல்லாமல் இல்லை, ஆளுக்கொன்று சொன்னார்கள். கோதுமையை ஈரத் துணியில் முளைக்கட்டினேன், பூசணம் பிடித்து நாறியது. மறுபடி முளைக்கட்டி, வெயிலில் காயவைத்து, அரைத்து முளைமாவு எடுத்தேன். பனிவரகுக் கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும்போதே அதை உள்ளே கொட்டிவிட்டேன். சூட்டில் முளைமாவு செத்துப்போய், கஞ்சி கஞ்சியாகவே கிடந்தது. கன்றுக்குட்டி நக்கிக் குடித்தது. அடுத்த தடவை நன்றாக ஆறவிட்டுக் கலந்தேன். இந்தத் தடவை புளித்தது, அழகாகப் புளித்தது. அந்தச் சந்தோஷத்தில் பால் கேனில் ஊற்றி, மூடியை இறுக்கி, கூடத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வெடித்தது. மூடி உத்தரத்தில் போய் இடித்தது. நான் கல்யாணமாகி வந்தபோது என் அம்மா தைத்துக் கொடுத்த மெத்தை அடுக்கு முழுக்க போசோ. ஷர்ஷெனின் மீசையிலும் போசோ. அவர் நாக்கை நீட்டி மீசையைச் சப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான்டி இருக்கு, ஆனா இனிமே வீட்டுக்குள்ள வேண்டாம்" என்றார்.

வேண்டாம் என்று சொன்னது அவர்தான். அதனால்தான் குளியல் வீட்டுக்குப் போனேன். உள்ளே போய் நின்றதும் இதை யாரோ போசோவுக்கென்றே கட்டியிருக்கிறார்கள் என்று தோன்றியது. கொப்பரை உட்காரும் அடுப்பு இருந்தது. தண்ணீர்த் தொட்டி இருந்தது. கழுவி ஊற்றினால் ஓடத் தரையில் வடிகால். கதவைச் சாத்தினால் விடியும்வரை சூடு போகாது. உட்கார்ந்து குளிக்கிற பெஞ்சில் கேன்களை வரிசையாக ஏற்றினேன். வடிகட்டுவதுதான் பெரும்பாடு. துணிப்பையில் போட்டு இரண்டு கையாலும் முறுக்கினால் தோள் இற்றுவிடும். பழைய இரும்புக் கடையில் சோவியத் காலத்துத் துணி பிழியும் எந்திரம் ஒன்று கிடந்தது. அதைத் தூக்கிவந்து, தேய்த்துக் கழுவி, பையை அப்படியே அதற்குள் வைத்துச் சுழற்றிவிட்டேன். எந்திரம் ஆடிக்கொண்டே அறையை ஒரு சுற்று சுற்றி வந்தது. ஆனால் குழாய் வழியாகப் போசோ கொட்டியது பாருங்கள், பழுப்பும் மஞ்சளுமாக, கெட்டியாக, மேலே நுரையோடு! கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியாக நின்று ஒரு குவளை குடித்தேன். புளிப்பும் இனிப்பும் ஒன்றாக இறங்கியது. நிலம் அவர் பெயரில், லாரி அவர் பெயரில், சமையலறையில் எந்தச் சட்டி எங்கே இருக்க வேண்டும் என்பது நான் வருவதற்கு முன்பே முடிவானது. என் கைக்கென்று இந்த வீட்டில் இருந்த முதல் இடம் அந்தக் குளியல் வீடு.

அன்றைக்கு ஷர்ஷென் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"என் சோப்பு எங்கடி?"

"கேனுக்குப் பின்னால."

"நான் உக்காருற பெஞ்சு?"

"கேனுக்கு அடியில."

"என் ஆட்டுத்தோல் கோட்டைக் காணோமே?"

"கேனுக்கு மேல. தொடாதீங்க, உள்ள புளிச்சுக்கிட்டிருக்கு."

"அப்ப நான் எங்கடி குளிக்கிறது?"

"உங்க அண்ணன் வீட்டுக்குப் போங்க. சட்டம் போட்டவரு அவருதானே?"

"அண்ணன் வீட்டு வாசல்ல துண்டோட போய் நிக்கிறதா? அதுக்கு ஆத்துல பனிய உடைச்சுக் குளிப்பேன்."

ஆற்றுக்கெல்லாம் போகவில்லை. சமையலறையில் அண்டாவை வைத்து, ஒரு காலை உள்ளே விட்டு ஒரு காலை வெளியே விட்டுக் குளித்தார். புலம்பலோ புலம்பல். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்.

"குளிர்காலம் முடியுறப்ப எந்த வீட்டுப் போசோ ஒசத்தின்னு ஜோரோ சொல்லும்ல? உன்னோடதுன்னு அவங்க வாயால சொல்லட்டும். குளியல் வீடு உனக்கே. நானே துண்டை எடுத்துக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போறேன். சொல்லலைன்னா வசந்தத்துல நூருஸ் பண்டிகை வர்றதுக்கு முன்னாடி உன் கொப்பரை வெளிய."

"பேச்சு மாறக்கூடாது," என்றேன். எனக்கு என் கையின் மேல் அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

பனி விழத் தொடங்கிய வாரம், விடியலில் நான் மாடு கறக்கும்போது பின்வேலிப் பக்கம் யாரோ இருமினார்கள். அஷிம்பெக்கின் மனைவி உல்கான், என் ஓர்ப்படி, கையில் காலிக் கேனோடு நின்றாள்.

"கனிஷாய், நாளைக்கு எங்க வீட்டு முறை. என் போசோ பசை மாதிரி இருக்குடி. சுவத்துல போஸ்டர்தான் ஒட்டலாம். ஒரு கேன் குடு."

"வாங்கக்கா, பக்கத்துல நின்னு கத்துத் தரேன். ஒண்ணும் கஷ்டமில்ல."

"கத்துக்கிற வயசா எனக்கு? உங்க மாமா போட்ட சட்டத்துல அவரு பொண்டாட்டியே மாட்டினா அவரு மூஞ்சிய எங்க வச்சுப்பாரு? குடுடி." மடியிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துப் பிட்டு என் கையில் வைத்தாள். "நம்ம ரெண்டு பேருக்குள்ளதான். ரொட்டி மேல சத்தியம் பண்ணு."

மூத்தவள் கேட்டு எப்படி இல்லையென்பது? ரொட்டியைக் கையில் வாங்கிய பிறகு பேச்சேது? ரொட்டி மேல் செய்த சத்தியத்தை மீறினால் எங்கள் பக்கம் யாரும் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள்.

அடுத்த வாரம் ஓர்மோனின் மனைவி ஜிபார் வந்தாள். அதே பின்வேலி, அதே இருமல், அதே ரொட்டி. "உனக்கும் எனக்கும் மட்டும்டி. வேற ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் நான் செத்தேன்." அதற்கடுத்த வாரம் இன்னொருத்தி. இப்படி ஆறு வீட்டுக்காரிகளும் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் தான் ஒருத்திதான் திருட்டுத்தனம் செய்வதாக நினைத்துக்கொண்டு, மற்றவளைப் பார்த்தால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். காய்ச்சுவதற்குப் பனிவரகை அவர்களே சுமந்துவந்து போட்டார்கள், அதில் குறை சொல்லமாட்டேன். ஷர்ஷென்தான் சந்தேகமாகப் பார்த்தார்.

"எந்நேரமும் காய்ச்சுறியே, இவ்வளவையும் யாருடி குடிக்கிறது?"

"மாடு," என்றேன்.

இந்தக் குளிர்காலம் நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்ல? வாரா வாரம் யாரோ ஒருத்தி வீட்டுக் கம்பளத்தில் உட்கார்ந்து, என் போசோவை நானே குடித்துக்கொண்டு, அவள் கைக்குக் கிடைக்கும் ஆசீர்வாதத்தைக் கேட்க வேண்டும். நானும் கையை ஏந்தி ஆமீன் சொல்ல வேண்டும். ஓர்மோன் மாட்டு வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் மாட்டு நாக்கைப் பார்த்தவர் இப்போது தன் நாக்கைப் பற்றியே பேசினார். "ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கை உண்டுப்பா. கண்ணைக் கட்டிட்டுக் குடு, இது யாரு வீட்டுப் போசோன்னு சொல்றேன்." நான் மெத்தையின் நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருப்பேன்.

கடைசிக் கூட்டம் எங்கள் வீட்டில். அன்றைக்கு ஒவ்வொரு வீடும் ஒரு ஜாடி கொண்டுவர வேண்டும், எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துச் சுவைத்துத் தீர்ப்பு சொல்வார்கள். காலையில் ஒருத்தி கண்ணில் இன்னொருத்தி படாமல் ஆறு பேருக்கும் நான்தான் ஊற்றிக் கொடுத்தேன், ஒரே கொப்பரையிலிருந்து, ஒரே கரண்டியால். அதில் மிஞ்சியதை என் ஜாடியில் ஊற்றினேன். மாலையில் ஏழு ஜாடியும் விரிப்பின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன, ஒவ்வொன்றின் கழுத்திலும் அந்தந்த வீட்டுக்காரி பூவேலை செய்த துணி.

அஷிம்பெக் தொப்பியைச் சரி செய்துகொண்டார். ஓர்மோன் முதல் ஜாடியிலிருந்து ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, வாய்க்குள்ளேயே உருட்டினார்.

"நல்லா இருக்கு. ஆனா அவசரம் தெரியுது. ரெண்டு நாள் பொறுத்திருக்கலாம்."

இரண்டாவது ஜாடி. "இது வயித்தை நிறைக்கும், மனசை நிறைக்காது."

மூன்றாவது அவர் மனைவி ஜிபாருடையது. "சொந்த வீடுன்னு சொல்லலப்பா, நியாயமா சொல்றேன். இதுல ஒரு கம்பீரம் இருக்கு."

உல்கானின் ஜாடிக்கு வந்ததும் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அப்பப்பா! மலை மேல நின்னு மூச்சு விட்ட மாதிரி இருக்கு. இதுதான்யா போசோ."

எல்லோரும் தலையாட்டினார்கள். அஷிம்பெக் பெருமையை மறைக்கத் தெரியாமல் தாடியைத் தடவினார். கடைசியில் என் ஜாடி. ஓர்மோன் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"குடிக்கலாம். தப்பு சொல்லமாட்டேன். ஆனா கை இன்னும் பழகல. உல்கான் அண்ணிகிட்ட ஒரு வருஷம் நின்னு கத்துக்கிட்டா தேறிடும்."

ஏழு ஜாடியையும் ஒவ்வொன்றாக அவர் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது. உல்கானைப் பார்த்தேன். அவள் கம்பளத்தின் பூவை எண்ணிக்கொண்டிருந்தாள். ஜிபார் தேநீரை ஊதிக்கொண்டேயிருந்தாள், அது ஆறி எவ்வளவு நேரமோ ஆகிவிட்டது. ஒருத்தியாவது வாயைத் திறக்க வேண்டுமே! அஷிம்பெக் தீர்ப்பைப் படித்தார். முதல் இடம் உல்கானுக்கு, பரிசு பட்டுத் தலைச்சால்வை, நூருஸ் அன்றைக்குத் தெருவுக்கே போசோ ஊற்றுகிற கௌரவமும் அவளுக்கு. நான் கடைசி.

ஷர்ஷென் என்னைப் பார்க்கவில்லை. கெட்ட மனுஷன் இல்லை, ஆனால் வெந்நீர் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டால் யார்தான் என்ன செய்வார்கள்?

உண்மை வாய் வரைக்கும் வந்தது. ஆனால் உள்ளங்கையில் அந்த ரொட்டித் துண்டு இன்னும் இருப்பது போலவே இருந்தது. எழுந்து நின்றேன்.

"மாமா, பேச அனுமதி வேணும்."

"பேசும்மா."

"தீர்ப்பை ஏத்துக்கிறேன். எனக்கும் இவருக்கும் ஒரு பேச்சு இருந்துது. வெள்ளிக்கிழமை கொப்பரைய எடுத்திடுறோம். கேன், எந்திரம் எல்லாத்தையும் என் தங்கச்சி வீட்டுக்கு பிஷ்கெக்குக்கு ஏத்தி விட்டுடுவேன். இனிமே இந்தக் கையால ஒரு சொட்டு போசோ காய்ச்சமாட்டேன்."

"சபாஷ்! பொம்பளைன்னா இப்படித் தோல்விய ஒத்துக்கணும்," என்றார் ஓர்மோன். ஆண்கள் கை தட்டினார்கள்.

பெண்கள் தட்டவில்லை. ஜிபாரின் கையில் இருந்த ரொட்டி பாதி வழியில் நின்றுவிட்டது. உல்கானின் தோளில் அப்போதுதான் போர்த்திய பட்டுச் சால்வை நழுவித் தேநீர்க் கிண்ணத்துக்குள் விழுந்தது. நான் யாரையும் பார்க்காமல் ஜாடிகளை எடுத்துக் கழுவப் போனேன்.

மறுநாள் விடியலிலேயே பின்வேலியில் இருமல்.

"ஏண்டி, என் தலையில கல்லைப் போடுறியா?" என்றாள் உல்கான். "நூருஸுக்குத் தெருவே வந்து நிக்கும். நான் என்னத்தை ஊத்துவேன்?"

"ஒசத்தியான கையாச்சே அக்கா உங்களுக்கு. மலைக்காத்து அடிக்கிற மாதிரி காய்ச்சுவீங்களே."

"கிண்டல் பண்ணாத. நேத்து நான் பேசியிருக்கணும், ஒத்துக்கிறேன். எப்படிடி பேசுவேன், அத்தனை பேர் முன்னாடி?"

"நானும் பேசல. ரொட்டியைத் தொட்டிருக்கேன், சாகுற வரைக்கும் பேசமாட்டேன். உங்களுக்குப் போசோ வேணும்னா ஒரு வழி இருக்கு. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும், முன்வாசல் வழியா, உங்க வீட்டுக்காரரு கேனைத் தூக்கிக்கிட்டு வரணும்."

"அவருக்கு நான் என்னன்னு சொல்லுவேன்?"

"அது உங்க பாடு. நான் சத்தியத்தை மீறல. நீங்க மீறுங்க, இல்ல மீறாம இருங்க."

அவள் போனதும் ஜிபார். அவளுக்கும் அதையே சொன்னேன். ஆறு பேருக்கும் அதே வார்த்தை, அதே நேரம். அந்த வாரம் எங்கள் தெருவில் எந்த வீட்டில் என்ன சத்தம் கேட்டது என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை ஷர்ஷென் தொழுதுவிட்டு முதல் ஆளாக ஓடிவந்தார். குளிக்கிற அவசரம். கடப்பாரையை எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றார். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லையென்றால் அவ்வளவுதான். கடப்பாரை ஒரு செங்கல்லைப் பெயர்த்துவிட்டது.

அப்போது வாசல் கதவு தட்டப்பட்டது.

வெள்ளைத் தொப்பியோடு அஷிம்பெக் நின்றிருந்தார். கையில் கேன்.

"சும்மாதான்... தம்பியைப் பாத்துட்டுப் போலாம்னு," என்றார்.

"கேனோடவா மாமா?"

அவர் பதில் சொல்வதற்குள் பின்னால் ஓர்மோன் வந்தார். அஷிம்பெக்கைப் பார்த்ததும் கேனை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். பால் கேன் எங்கே ஒளியும்? அவருக்குப் பின்னால் இன்னொருவர், அவருக்கும் பின்னால் இன்னொருவர். தொழுகை முடிந்து போகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். ஆறு ஆண்கள், ஆறு காலிக் கேன், ஒரு வாசல். ஒருவர் கேனை ஒருவர் பார்த்தார்கள்.

"என்ன வேணும் மாமா?"

"போசோ."

"உங்க வீட்டுல இல்லாத போசோவா? முதல் பரிசாச்சே."

"தீந்து போச்சு."

"காய்ச்சினா வந்துட்டுப் போகுது. கைதான் இருக்கே."

அவர் தரையைப் பார்த்து ஏதோ முனகினார்.

"கேக்கல மாமா."

"அந்தக் கை இங்கதான் இருக்குன்னேன்! ஏழு வீட்டுக்கும் ஒரே கைதான். போதுமா? ஒசத்தி உன்னோடதுதான். எல்லாமே உன்னோடதுதான்."

ஓர்மோன் "அப்ப அன்னைக்கு ஏழு ஜாடியும்..." என்று இழுத்தார். பிறகு நாக்கால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு அப்பவே லேசா ஒரு சந்தேகம்தான்," என்றார்.

"பேசாதீங்க!" என்று கத்தினேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். "மாட்டைப் பார்த்த கண்ணு, பொம்பளை கையைப் பார்க்கத் தெரியல. சேணம் எங்க இருக்குன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வெளியிலேர்ந்து வாங்கினா ஒரு ஆடுன்னு யாரோ சட்டம் போட்டாங்களே, அதுவும் ஞாபகம் இருக்கு. நூருஸுக்குள்ள ஆறு ஆடும் இந்த வாசலுக்கு வரணும். அப்புறம்தான் கேன் ரொம்பும்."

ஒருத்தராவது மன்னிப்பு கேட்டார்களா? இல்லை. அஷிம்பெக் மட்டும் கேனை மெதுவாகக் கீழே வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள்.

எனக்குப் பின்னால் கடப்பாரை விழுந்த சத்தம் கேட்டது. ஷர்ஷென் குளியல் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஆறு கேனையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே திரும்பிப் போய், பெயர்த்த செங்கல்லை இருந்த இடத்திலேயே வைத்து அழுத்தினார். கேனுக்குப் பின்னாலிருந்து சோப்பைத் தேடி எடுத்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் நின்ற ஆண்களை விலக்கி, அண்ணனுக்கு முன்னால் போய் நின்றார்.

"அண்ணே, உங்க வீட்டுல வெந்நீர் காஞ்சிருக்கா?"